ஒரு காசு, அது கிடந்த இடம்

மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போய்வந்தவளிடம் ஊர் கேட்பது இரண்டு கேள்விகள். "பிள்ளை, பயமில்லையோ?" என்பது ஒன்று. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தங்கம் கிங்கம் ஏதும் எடுபட்டதோ?" என்பது மற்றது. பச்சிலைப்பள்ளியில், முகமாலைப் பக்கம் பல வருசம் அந்த வேலை பார்த்தேன். இப்போது விட்டுவிட்டேன். முதல் கேள்வி அதோடு நின்றுவிட்டது. இரண்டாவது இன்னும் நிற்கவில்லை. கலியாண வீட்டில் யாராவது ஒருவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். தங்கள் காணியில் ஒரு இடம் இருக்கிறதாம், மெசினைக் கொண்டுவந்து ஒருக்காப் பிடித்துப் பார்க்கேலாதோ என்பார்.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008, 2009 இல் இடம்பெயர்ந்தபோது, காவிக்கொண்டு போக முடியாததையெல்லாம் வன்னிச் சனம் மண்ணுக்குள் வைத்தது. தையல் மெசின், தண்ணீர்ப் பம்பி, பித்தளைக் குத்துவிளக்கு, பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி, சிலர் நகையும். மீள்குடியேற வந்தபோது அடையாளம் வைத்த மாமரம் இல்லை, கிணற்றுக்கட்டு இல்லை. வாசல்படியிலிருந்து எத்தனை எட்டு என்று மனதில் கணக்கு வைத்திருந்த மனிசனும் பல வீடுகளில் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மண்ணைத் தடவிப் பார்க்கும் கருவி என்பது விளையாட்டுச் சாமான் அல்ல.

லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் மகனுக்கு அது விளையாட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமையானால் வயல்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நண்பர்களோடு டிற்றெக்ரர் பிடிக்கப் போய்விடுவார். இரவில் படங்கள் வரும்: துருவேறிய பொத்தான், ஈயக் குண்டு, முகம் தேய்ந்துபோன ஜோர்ஜ் மன்னரின் பென்னி. போன வருசம் கேட்டார்: "தங்கச்சி, லீவில வரேக்க ஒரு மெசின் கொண்டு வரட்டே? பூநகரிப் பக்கம் போய்ப் பாப்பம்." "வேண்டாம் அண்ணை" என்றேன். ஏன் வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லி முடியவில்லை. பழங்காசு தேட ஆசைப்படும் எவருக்கும் அந்தக் காரணங்கள் உதவும் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கருவி எதைக் கேட்கிறது?

தடியின் நுனியில் ஒரு வட்டத் தட்டு. அதற்குள் செப்புக் கம்பிச் சுருள். பற்றரியின் உதவியோடு அந்தச் சுருளில் மாறி மாறி ஓடும் மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால் உலோகத்துக்குள்ளும் சின்னதாக ஒரு சுழல் மின்னோட்டம் எழும்பும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். கருவி அந்தப் பதிலைப் பிடித்து ஒலியாக்குகிறது. நாங்கள் "கத்துது" என்று சொல்வது இதைத்தான். டிற்றெக்ரருக்குத் தங்கமும் தெரியாது, வெடியும் தெரியாது. மின்சாரத்தைக் கடத்தும் எதற்கும் அது கத்தும்.

எவ்வளவு ஆழம் கேட்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒற்றைக் காசு என்றால் ஒரு சாணுக்குக் கீழே போனாலே சாதாரணக் கருவிக்குக் கடினம். பத்து அடி ஆழத்தில் உள்ள தங்கத்தின் நிறையையும் சொல்லும் என்று ஒரு 'ஸ்கேனரோடு' யாராவது வந்தால், அவர் கண்டுபிடிக்க வந்திருப்பது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் காசை.

1881 இல் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டபோது, உடம்புக்குள் தங்கிய ரவையைத் தேட இப்படியொரு கருவியோடு போனவர் தொலைபேசியால் பெயர் பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல். ரவை அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியதாகச் சொல்வார்கள். கையில் பிடித்து நடக்கும் கருவியை இரண்டாம் உலகப் போரில் செய்து கொடுத்தவர் போலந்து நாட்டு அதிகாரி யோசப் கொசாட்ஸ்கி. அவர் அதற்குக் காப்புரிமை கேட்காமல் பிரித்தானியப் படைக்குக் கொடுத்தார். 1942 இல் எகிப்தின் எல் அலமெயின் பாலைவனத்தில் ஜேர்மானியர் புதைத்த கண்ணிவெடிகளுக்கிடையே வழி திறக்க அது பயன்பட்டது. போர் முடிந்ததும் படைகளிடம் மிஞ்சிய கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றோடு வயலிலும் கடற்கரையிலும் காசு தேடத் தொடங்கினார்கள். அண்ணை ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும் கருவியும் நான் முகமாலையில் பிடித்த கருவியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

வளர்ப்பு வேறு

காசு தேடும் கருவியில் இரும்பை விலக்கும் வசதி உண்டு. ஆணிக்கும் தகரத்துக்கும் கத்திக்கொண்டே இருந்தால் பொழுதுபோக்குக்காரருக்குப் பொழுது போகாது. ஆகவே செம்புக்கும் வெள்ளிக்கும் ஒரு தொனி, இரும்புக்கு மௌனம் என்று அதைத் திருத்தி வைக்கலாம். மிதிவெடிக் கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது. பாகிஸ்தான் தயாரிப்பான பி4 மிதிவெடியின் உடல் பிளாஸ்ரிக். உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சிறிய துண்டு. விடுதலைப் புலிகள் செய்த ஜொனி மிதிவெடியின் உடல் மரப்பெட்டி. இவற்றின் மேல் கருவி மெல்லத்தான் முனகும். அந்த முனகலைத் தவறவிட்டால் பிறகு போவது யாரோ ஒருவரின் கால். இரும்புக்கு வாய் மூடவைத்த கருவியோடு வன்னிப் பற்றைக்குள் இறங்குகிறவர், எதைக் கட்டாயம் கேட்கவேண்டுமோ அதற்கே தன் காதைப் பொத்திக்கொள்கிறார்.

தோண்டுவதிலும் வித்தியாசம் உண்டு. காசு தேடுகிறவர் சத்தம் வந்த இடத்தில் நேராகச் சவளை இறக்குவார். நாங்கள் ஒரு மீற்றர் அகல ஒழுங்கைக்குள் முழங்காலில் இருந்து, சத்தம் வந்த புள்ளியை அடையாளமிட்டு, அதற்குச் சற்று முன்னால் தொடங்கி, பக்கவாட்டாக மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் போவோம். வெடி மேலிருந்து அமுக்கினால் வெடிக்கும். அதன் பக்கத்தைத்தான் நாங்கள் தேடிப் போகிறோம்.

முகமாலையில் டிற்றெக்ரரைத் தரைக்குக் கிட்டக் கொண்டுபோனால் அது வாய் மூடாது. செல் சிதறு, ரவைக்கோது, முள்ளுக்கம்பித் துண்டு, பங்கர் கூரைக்கு இழுத்துவந்த தண்டவாளத்தின் ஆணி. எல்லாச் சத்தத்துக்கும் தோண்டினால் நாள் முழுக்க ஒரு அடி முன்னேற முடியாது. அதனால் அப்படியான இடங்களில் கருவியை வைத்துவிட்டு றேக்கை எடுப்போம். மண்ணை மெல்ல மெல்ல இழுத்து, கண்ணால் பார்த்து முன்னேறும் முறை அது. பார்க்கிறவர்களுக்குக் கச்சான் கிண்டுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

போர் நடக்காத இடமாக இருந்தாலும் எங்கள் மண் இந்தப் பொழுதுபோக்குக்கு இலகுவானதல்ல. இரணைமடுப் பக்கத்துச் செம்மண்ணில் உள்ள இரும்புத் தாது கருவியைக் குழப்பும். முல்லைத்தீவுக் கடற்கரையின் ஈர மணலில் உள்ள உப்பும் குழப்பும். இதற்கெல்லாம் கருவியைத் திருத்தப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கண்ணிவெடிக்குத் திருத்தம் இல்லை. 2002 சமாதான காலத்தில் தொடங்கிய அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் செய்துவந்த பணி அது. இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 யூன் 1 க்குள் நாட்டைத் துப்புரவாக்க வேண்டும். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையைக் காலை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் தேடியது பழங்காசு அல்ல, அன்றன்றைக்குச் சோறு.

வரைபடம் சொல்லித்தந்தது

றேக்கில் மிதிவெடி மட்டும் வராது. சீப்பு வரும், பால்மா ரின் வரும், பிள்ளையின் பிளாஸ்ரிக் வளையல் வரும். சதுர ஐந்து சதமும் அலைபோல விளிம்பு நெளிந்த பத்து சதமும் வரும். ஒருமுறை பச்சைக் களிம்பு ஏறிய ஒரு செப்பு வட்டம் வந்தது. வெயிலில் சரித்துப் பார்த்தபோது வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிய குறி தெரிந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் துட்டு. 1602 இல் தொடங்கி, யாழ்ப்பாணத்தை 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, 1799 இல் கலைந்துபோன கொம்பனி. குழுத்தலைவரிடம் கொடுத்தேன். ஒழுங்கை இலக்கம், ஆழம் எல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

மிதிவெடிக்குச் செய்யும் அதே ஒழுங்கு அது. எங்கள் வேலையில் வெடியை எடுத்ததோடு கதை முடியாது. எந்த வகை, எவ்வளவு ஆழம், அடுத்ததுக்கும் இதற்கும் எத்தனை மீற்றர் என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். புதைத்தவர்கள் பெரும்பாலும் வரிசையாகப் புதைத்திருப்பார்கள். மூன்றைச் சரியாகக் குறித்தால் நாலாவது எங்கே இருக்கலாம் என்று வரைபடம் சொல்லும். குறிக்காமல் எடுத்துப் போட்ட வெடி அடுத்த வெடியைப் பற்றி எதுவும் சொல்லாது.

காசும் இப்படித்தான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. என் பழைய வரலாற்று ஆசிரியரிடம் அந்தத் துட்டைப் பற்றிச் சொன்னேன். ஹம்ப்ரி கொட்ரிங்டன் 1924 இல் இலங்கை நாணயங்கள் பற்றி எழுதிய ஆங்கில நூலின் போட்டோப் பிரதியைத் தந்தார். "காசைப் பாத்தால் எந்தக் காலம் எண்டு தெரியும் பிள்ளை. அது கிடந்த இடத்தைப் பாத்தால்தான் ஆர், என்னத்துக்கு வந்தவை எண்டு தெரியும்" என்றார் சேர்.

யோசித்துப் பாருங்கள். மாந்தைத் துறையில் ஒரு சின்ன உரோமச் செப்புக்காசு கிடைத்தால் அது கப்பலின் கதை. அதே காசு வவுனியாவில் ஒரு குளக்கட்டின் அடியில் கிடைத்தால், துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு வந்த பாதையின் கதை. கொழும்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் 'கிடைத்த இடம் தெரியாது' என்ற அட்டையோடு இருந்தால் அது ஒரு செப்புத் துண்டு, அவ்வளவுதான்.

வன்னியில் சொல்லக்கூடிய கதைகள் நிறைய உண்டு. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பகுதியில் ஊர் ஊராக நடந்து செய்த ஆய்வு 1993 இல் 'பூநகரி தொல்பொருளாய்வு' என்ற நூலாக வந்தது. மண்ணித்தலை, பரமன்கிராய், வெட்டுக்காடு என்று நாங்கள் பஸ்ஸில் தாண்டிப் போகும் பெயர்கள் அதில் பழைய குடியிருப்புகளாக எழும்பி வருகின்றன. இலங்கையின் வடபகுதியில் கிடைத்த காசுகளில் பல வகை உண்டு. ஒரு பக்கம் திருமகள் நிற்கும் நீள்சதுர இலட்சுமி நாணயம் ஒன்று. நாகரி எழுத்தில் இராசராசன் பெயர் பொறித்த சோழக்காசு இன்னொன்று. யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயமும் அவற்றில் சேரும். அதன் ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது' என்று எழுத்து. ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சியும் வணிகமும் எதுவரை எட்டின என்பதை அந்தக் காசுகள் கிடைத்த இடங்களைப் புள்ளி புள்ளியாகக் குறித்துத்தான் பார்க்கவேண்டும். ஒருவர் இரவோடு இரவாகத் தோண்டி எடுத்துக்கொண்டு போனால் ஒரு புள்ளி அழிந்துபோகிறது.

1815 என்ற கோடு

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1998 இல் அது திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், காணி உங்கள் பெயரில் இருந்தாலும். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். தற்செயலாகக் கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும்.

பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்த 1803 இல் சனத்தின் மடியில் இருந்த ஒல்லாந்தத் துட்டும், ஆங்கிலேயர் அடித்த யானை பொறித்த தடித்த செப்புக்காசும் இந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம். விக்டோரியா மகாராணியின் தலையும் பனை வகை மரமும் உள்ள 1870 ஆம் ஆண்டுச் சதம் இந்தப்பக்கம். மண்ணைக் கிளறுகிற கைக்கு எந்தப்பக்கத்துக் காசு வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. ஸ்கேனர் கருவியோடும் பூசைச் சாமானோடும், சிலவேளை பூசாரியோடும் சேர்த்து, புதையல் தோண்டப் போனவர்கள் கைது என்ற செய்தியை நாங்கள் அடிக்கடி வாசிக்கிறோம்.

"இங்க அப்பிடியில்லையே" என்றார் அண்ணை. உண்மைதான். இங்கிலாந்தில் காணிக்காரரின் சம்மதம் இருந்தால் பெரும்பாலான நிலங்களில் தேடலாம். 1996 ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, புதையல் என்ற வரையறைக்குள் வருவதை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அரும்பொருட்சாலை அதை வாங்கினால் விலையைக் கண்டெடுத்தவரும் காணிக்காரரும் பகிர்ந்துகொள்வது வழக்கம். அந்த வரையறைக்குள் வராத பொருட்களையும் தாமாகக் கொண்டுவந்து பதிய 1997 இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள், கிடைத்த இடத்தோடு, அதில் பதிவாகியுள்ளன.

அங்கேயும் நல்ல பெயர் எடுத்தவர் தோண்டாமல் நிறுத்தியவர். 1992 இல் சபோக் மாவட்டத்தின் ஹொக்ஸன் கிராமத்தில் ஒரு கமக்காரர் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடிக் கொடுக்க டிற்றெக்ரரோடு போனவர் எரிக் லோஸ். சுத்தியலுக்குப் பதிலாகக் கருவி காட்டியது உரோமர் காலத்து வெள்ளிக் கரண்டிகளையும் பொன் நகைகளையும் காசுகளையும். கொஞ்சத்தை எடுத்ததும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை ஒழுங்காக அகழ்ந்தார்கள். ஏறக்குறைய 15,000 காசுகள். மரப்பெட்டி உக்கிப் போயிருந்தாலும், எந்தப் பொருள் எதன்மேல் அடுக்கியிருந்தது என்பதுவரை இன்று தெரியும். அவர் சவளைக் கீழே வைத்ததால் கிடைத்த அறிவு அது. சுத்தியலும் பிறகு கிடைத்தது. இப்போது அதுவும் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் இருக்கிறது.

சொல்லப் பயப்படுகிற சனம்

இங்கே அறிவிப்பது அவ்வளவு இலகுவல்ல. தொல்லியல் என்ற பெயரோடு எல்லைக்கல் வந்து விழுவதை முல்லைத்தீவுச் சனம் கண்ணால் கண்டிருக்கிறது. குருந்தூர்மலையும் வவுனியா வடக்கின் வெடுக்குநாறிமலையும் வருசக்கணக்காக வழக்கும் வாக்குவாதமுமாக இருக்கின்றன. "ஒரு காசைக் காட்டப்போய்க் காணியைக் குடுக்கச் சொல்லுறியோ?" என்று ஒரு ஐயா என்னிடம் நேராகவே கேட்டார். காணிக்குள் பழங்காசு வந்தால் நகைக்கடையில் இரகசியமாகக் கொடுக்கிறவர்களும், திரும்பப் புதைத்து மேலே வாழைக்குட்டி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று நாளைக்கு ஒரு கேள்வி வந்தால், உருக்கிய காசும் ஒளித்த காசும் யார் பக்கமும் சாட்சி சொல்ல வராது. அரசுக்கு அறிவிக்கிற அதே நேரத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆசிரியர்களுக்கும் படத்தை அனுப்பினால், பதிவு இரண்டு இடத்தில் இருக்கும்.

வரம்பு கட்டும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ காசு ஒன்று தானாக வந்தால் செய்யவேண்டியவை கொஞ்சம்தான். முதலில் அது காசுதானா என்று பாருங்கள். இன்னதென்று தெரியாத உலோகத்தைத் தொடவே வேண்டாம். பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். காசுதான் என்றால், கிடந்த நிலையிலேயே பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். கிணற்றிலிருந்தோ வீட்டு மூலையிலிருந்தோ எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓட்டுத் துண்டு, சாம்பல் ஏதும் உண்டா என்று எழுதுங்கள். மேற்கொண்டு தோண்டாதீர்கள். பழப்புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி. காசில் தேய்த்தால் களிம்போடு எழுத்தும் போய்விடும். காய்ந்த கடதாசியில் சுற்றி வைத்தால் போதும்.

அப்படியானால் காசில் ஆசை உள்ளவர்களுக்கு என்ன மிச்சம்? நிறைய. மண்ணைக் கிளறாமலே நான் சேர்ப்பது 1815 க்குப் பிந்தியவை. 1870 இன் செப்புச் சதங்கள், ஏழாம் எட்வேர்ட் காலத்தில் வந்த நிக்கல் சதுர ஐந்து சதம், 1963 இல் வந்த அலுமினிய ஒரு சதம். நேர்த்திக்காக மஞ்சள் துணியில் முடிந்து சாமியறையில் மறந்துபோனவையும், அம்மம்மாவின் தைலாப் பெட்டிக்குள் கிடந்தவையும் அவற்றில் உண்டு. பழைய இரும்புக்காரர் நிறை பார்த்து வாங்கிய பித்தளைக்குள் வந்தவையும் சில. ஒவ்வொன்றுக்கும் யார் வீட்டில், எப்படி வந்தது, எந்த இடம்பெயர்வில் கூடவே போய்த் திரும்பியது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வவுனியா, நல்லூர் தொல்பொருள் காட்சியறைகளுக்குப் போனால் கோட்டுக்கு அந்தப்பக்கத்துக் காசுகளையும் நேரில் பார்க்கலாம்.

இதைத் தனியொருத்தி செய்வதைவிடப் பாடசாலைகள் செய்தால் நன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பாடசாலைகளில் வரலாற்று மன்றங்கள் உண்டு. ஒரு தடித்த கொப்பி போதும். வீட்டிலிருக்கும் பழங்காசைப் பிள்ளைகள் கொண்டுவரத் தேவையில்லை, படமும் விவரமும் போதும். முதல் நிரலில் காசு, இரண்டாவதில் கிடைத்த இடம், மூன்றாவதில் வைத்திருப்பவர் சொன்ன கதை. இரண்டாவது நிரலை வெறுமையாக விட ஆசிரியர் அனுமதிக்கக் கூடாது.